மூன்றெலும்பு ஓடையில் நாய்கள் எழும்பிய கோடை

சஸ்காச்சுவன் என்றொரு மாகாணம் இருக்கிறது; மலை இல்லை, காடு இல்லை, கண் போகிற தூரமெல்லாம் தரை தோசைக்கல்லைப் போலத் தட்டையாகக் கிடக்கும், மிச்சமெல்லாம் வானம், அதனால் அங்கே ஒருவர் மனைவியோடு கோபித்துக்கொண்டு போவதென்றாலும் ஒளிந்து நிற்க ஒரு மறைவு கிடையாது. அந்த மாகாணத்தின் தலைநகரான ரெஜைனாவில் இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டி, எந்தத் தரிப்பிடத்துக்கும் ஒரு நிமிடம் முந்தாமலும் ஒரு நிமிடம் பிந்தாமலும் போய்ச் சேர்ந்து, அதற்காக ஒரு சுவர்க்கடிகாரமும் பரிசாக வாங்கி ஓய்வுபெற்றவர் வல்வெட்டித்துறை சிவகடாட்சம். அவருடைய மனைவி கோசலாதேவி அவரோடு பேச்சை நிறுத்திப் பதினொரு மாதம் ஆகியிருந்தது.

காரணம் சின்னது என்று கடாட்சம் நினைத்துக்கொண்டிருந்தார். தமிழ்ச் சங்கத்து ஆண்டு விழாவில் ஒலிவாங்கிப் பொறுப்பு அவருடையது. கோசலாதேவி மூன்று மாதம் குளியலறையிலும் சமையலறையிலும், தான் வேலை செய்த ஆசுபத்திரிச் சலவைக்கூடத்தில் யந்திரங்களின் இரைச்சலுக்கு மேலாகவும் பாடிப் பழகிய கீர்த்தனையைக் கொண்டுபோய் மேடையில் பல்லவி முடித்து அனுபல்லவிக்கு வாயெடுத்த நேரம், நிகழ்ச்சி நிரல் பிந்திவிட்டதென்று கடாட்சம் ஒலிவாங்கியை நிறுத்திவிட்டார். கோசலாதேவிக்கு அது தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சரணம் வரைக்கும் பாடினார். கண்ணைத் திறந்தபோது முன்வரிசை மட்டும் கைதட்டியது; பின்வரிசைகள் அவர் வாயசைப்பதை ஒரு மீனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தன.

அன்றிலிருந்து பேச்செல்லாம் நாய்கள் வழியாகத்தான். வீட்டில் இரண்டு நாய்கள் இருந்தன. மகள் ஆரபி தூரத்துக் கிழக்குக் கரையில் இருக்கிற ஹலிபாக்ஸுக்கு வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனவை. பெரியது சண்டியன், கன்றுக்குட்டி அளவு, பெயருக்கு நேர்மாறான பரம சாது. சின்னது பொட்டு, நீளமான உடம்பும் கால் இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகமுமாகப் பிறந்தது. சாதாரண விஷயங்களைக் கோசலாதேவி பொட்டுவிடம் சொல்லுவார்: "பொட்டு, அப்பாட்டைச் சொல்லு, உப்பு முடிஞ்சுது." கடும் செய்திகள் சண்டியன் வழியாக வரும். ஆவணி முடிய நாய்களையும் கூட்டிக்கொண்டு ஹலிபாக்ஸுக்கே போய்விடப் போவதாகவும், திரும்பி வருகிற எண்ணம் இல்லையென்றும் சொன்னது சண்டியனிடம்தான். சண்டியன் அதைக் கேட்டு வாலாட்டியது. கடாட்சம் அடுத்த அறையில் நின்று முழுவதையும் கேட்டார். பிறகு, செய்தி இன்னும் வந்து சேராதவர்போலத் தொலைக்காட்சியைப் போட்டார்.

இந்த நிலவரத்தில்தான் ஆரபி, அப்பாவும் அம்மாவும் ஒரு கூடாரத்துக்குள் ஐந்து நாள் கிடந்தால் எல்லாம் சரிவரும் என்று நம்பி, புல்வெளியின் நடுவே மூன்றெலும்பு ஓடை என்ற இடத்தில் காம்பிங் பதிவு செய்து அனுப்பினாள்.

"சண்டியா, கேட்டியே," என்றார் கடாட்சம், "முகாமுக்குள்ளை இருந்து வெளிக்கிட எங்கடை சனம் பட்ட பாடு தெரியும். விரும்பிப் போய் முகாமிலை இருக்கிறவனை இப்பதான் பாக்கிறன்."

"பொட்டு," என்றார் கோசலாதேவி, "பிள்ளை ஆசைப்பட்டு எடுத்தது. நாங்கள் போறம். விரும்பினால் ஒரு ஆள் வந்து வான் ஓடலாம்."

போனார்கள். கடாட்சம் வான் வண்டியை ஓட்டினார், கோசலாதேவி பின்னிருக்கையில் இரண்டு நாய்களுக்கும் நடுவில் இருந்து யன்னலால் பார்த்துக்கொண்டு வந்தார். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, ஆனாலும் பார்த்துக்கொண்டே வந்தார்.

இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு, கடாட்சம் அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தபோது, மேற்கிலிருந்து காற்று எழும்பியது, புல்லெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, அதோடு சண்டியனும் தரையைவிட்டு எழும்பியது. துள்ளி எழும்பவில்லை. டயர் மாற்றுவதற்கு யக் போட்டு வண்டியைத் தூக்குவதுபோல, நிதானமாக, நான்கு காலும் ஒன்றாக எழும்பியது. பிறகு பொட்டுவும் எழும்பியது. அதற்குக் கால் குட்டையானபடியால் அது எழும்பியதே கொஞ்ச நேரம் தெரியவில்லை. கட்டியிருந்த கயிறு விறைத்ததும் இரண்டும் கூடாரத்துக்கு மேலே நின்று, மூக்கைக் காற்றுக்குக் கொடுத்து, காதுகள் படபடக்க, கார் யன்னலால் தலையை நீட்டுகிற நாய்களுக்கு வருமே ஒரு முகம், அந்த முகத்தோடு மிதந்தன.

கடாட்சம் அடுத்த கூடாரத்தைப் பார்த்தார். அங்கே வால்ட்டர் என்ற முதியவர், முன்பு தானியக் கிடங்கு ஒன்றை நடத்தியவர், மடக்குக் கதிரையில் இருந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய சடை நாய் ஏற்கெனவே இரண்டு ஆள் உயரத்தில் நின்றது.

"நல்ல காற்று," என்றார் வால்ட்டர்.

"ஓம், நல்ல காற்று," என்றார் கடாட்சம். வேறென்ன சொல்ல?

பதினொரு மணிக்குள் அந்த இடத்தில் இருந்த பதினான்கு நாய்களும் மேலே போய்விட்டன. பூனை வைத்திருந்த ஒரு குடும்பத்தின் பூனை மட்டும் தரையிலேயே இருந்து எல்லாரையும் கேவலமாகப் பார்த்தது. முகாமிடத்தின் காவல் அலுவலர் ஷெரில், அகலத் தொப்பி வைத்த அம்மணி, அளவு நாடாவும் விதிப்புத்தகமும் கொண்டு வந்தார். நாயின் கயிறு இரண்டு மீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. ஷெரில் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார், மேலே பார்த்தார், மறுபடியும் புரட்டினார். கடைசியில், விதி பக்கவாட்டைப் பற்றித்தான் பேசுகிறது, உயரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, கயிற்றின் அடி அவரவர் இடத்துக்குள் இருந்தால் போதும் என்று தீர்ப்புச் சொன்னார். எல்லாருக்கும் நிம்மதி. பின்னேரம் ஆறு மணிக்குக் காற்று விழ நாய்களும் இறங்கி, உடம்பை உதறிவிட்டு, சாப்பாட்டுத் தட்டைத் தேடிப் போயின. அடுத்த நாள் பத்து மணிக்குத் திரும்பவும் எழும்பின.

மனிதர்களுக்கு எதுவும் இரண்டு நாளில் பழகிவிடும். வெள்ளைக் கூடாரம் போட்டிருந்தவர்கள் காற்றின் திசை பார்த்து இடம் மாற்றினார்கள். பகலில் குடை இல்லாமல் யாரும் வெளியே நடப்பதில்லை, வானம் பளிச்சென்று இருந்தாலும். வாசலில் இருந்த கடையில் குடை முடிந்து, பிறகு கயிறு முடிந்து, பிறகு ஒரு கிழவி நாய்களுக்கென்று வயிற்றுப்பட்டி பின்னிக் கொடுக்கத் தொடங்கினார், மேலே குளிருமாம். துணி காயப்போட்ட இடத்துக்கு மேலே நாய் கட்டக்கூடாது என்று ஷெரில் ஒரு பலகை எழுதி நட்டார். ஏன் எழும்புகின்றன என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிடுமோ என்று பயமாக இருந்திருக்கலாம்.

கழுத்துப்பட்டியில் கயிறு கட்டியதால் நாய்களுக்கு மூச்சு முட்டுகிறது என்பதை முதலில் கண்டவர் கடாட்சம். அவர் பட்டம் ஏற்றுகிற ஊரில் பிறந்தவர். பட்டத்துக்கு முச்சை கட்டத் தெரிந்த கைக்கு நாய்க்கு முச்சை கட்ட எவ்வளவு நேரம்? நெஞ்சில் இரண்டு, வயிற்றில் ஒன்று, மூன்று கயிறும் ஓரிடத்தில் சேர்கிற முடிச்சு. சண்டியனுக்குக் கட்டினார், அது மேலே போய் ராசா மாதிரி நேராக நின்றது. வால்ட்டர் தன் நாயைக் கொண்டுவந்தார். பிறகு வரிசை வந்துவிட்டது. மூன்றாம் நாள் மத்தியானத்துக்குள் கடாட்சத்தை எல்லாரும் 'கேப்டன்' என்றார்கள்; அவர் ஒரு விசில் தேடிப்பிடித்து, எந்த நாய் எத்தனை மணிக்கு ஏறுவது, எந்த நாய்க்கு எவ்வளவு கயிறு விடுவது என்று அட்டவணை எழுதி, கழிப்பறைக் கதவில் ஒட்டினார். இருபத்தாறு வருடப் பேருந்து அவருக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது, இந்த முறை வானத்தில்.

ஆனால் ஒரு கஷ்டம் இருந்தது. கடாட்சமும் கோசலாதேவியும் பேசவேண்டுமென்றால் இப்போது அண்ணாந்து கத்தவேண்டும்.

"பொட்டூ! அப்பாட்டைச் சொல்லு, சோறு ஆறுதெண்டு!"

"சண்டியா! அம்மாட்டைச் சொல்லு, கேப்டனுக்கு வேலை கிடக்கெண்டு!"

"சண்டியா! கேப்டனுக்குச் சொல்லு, சோத்தை நரிக்கு வைக்கிறனெண்டு!"

காற்று இந்தச் சொற்களை அள்ளிக்கொண்டு போய் முகாம் முழுக்கத் தூவியது. மொழி விளங்காவிட்டாலும் சங்கதி எல்லாருக்கும் விளங்கியது. கல்யாணம் கட்டியவர்களுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. வால்ட்டரின் மனைவி வந்து கோசலாதேவியின் கையைப் பிடித்து, ஒரு போத்தல் ஊறுகாய் வெள்ளரிக்காய் கொடுத்துவிட்டுப் போனார்.

நான்காம் நாள் காற்று உரமாக இருந்தது. பக்கத்து ஊர்களிலிருந்து சனம் பார்க்க வந்திருந்தது, கடாட்சத்துக்குத் தலை கொஞ்சம் கனத்திருந்தது. எல்லா நாய்களிலும் சின்னது எல்லாவற்றுக்கும் மேலே போகும், பாருங்கள் என்று அறிவித்துவிட்டு, பொட்டுவின் கயிற்றோடு இன்னொரு கயிற்றை முடிந்து, கை கையாக விட்டார். பொட்டு தென்னை உயரம் போனது. பிறகு இரண்டு தென்னை.

கோசலாதேவி கூடாரத்திலிருந்து வெளியே வந்து பார்த்தார். "சண்டியா!" என்று அடித்தொண்டையில் கூப்பிட்டார். "அந்த மனிசனிட்டைச் சொல்லு, பொட்டு சின்னன், உது காணும், இறக்கச் சொல்லு!"

கடாட்சத்துக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ஆனால் சண்டியன் வாய் திறக்கவில்லையே. ஆகவே செய்தி இன்னும் வந்து சேரவில்லை என்று தனக்குத்தானே ஒரு சட்டம் பேசிக்கொண்டு, இன்னும் நான்கு கை கயிறு விட்டார். முடிச்சு கழன்றது. கயிற்றின் மேல்பாதி ஒரு தடவை காற்றில் சுழன்றது. பொட்டு, தான் அறுந்துபோனது தெரியாமல், அதே சந்தோஷ முகத்தோடு, தென்கிழக்குப் பக்கமாகப் போகத் தொடங்கியது.

கோசலாதேவி கத்தவில்லை. நடந்து போய் வானின் முன்கதவைத் திறந்து, முன்னிருக்கையில் ஏறி இருந்து, இடுப்புப் பட்டியைப் போட்டார். சண்டியனை வால்ட்டரிடம் ஒப்படைத்துவிட்டுக் கடாட்சம் ஓடிவந்து ஏறினார். விசில் கழுத்திலேயே தொங்கியது. அதைக் கழற்றி எங்கே வைப்பதென்று தெரியாமல் காற்சட்டைப் பைக்குள் திணித்தார்.

அந்த நாட்டுப் பாதைகள் சதுரம் சதுரமாகக் கோடு போட்டவை. வடக்கே தெற்கே, கிழக்கே மேற்கே, சரளைக்கல் புழுதி. நாயோ மூலைவிட்டமாகப் போகிறது. ஒவ்வொரு சந்தியிலும் திருப்பவேண்டும், எங்கே திருப்புவதென்று மேலே பார்த்து ஒரு ஆள் சொல்லவேண்டும். வானுக்குள் நாய் இல்லை. முதல் சந்தியில் கோசலாதேவி சுற்றுமுற்றும் பார்த்து, கண்ணாடி துடைக்கிற தடியைப் பார்த்துச் சொன்னார்:

"இஞ்சை, தடி, ஓட்டுற ஆளுக்குச் சொல்லு, நேரை போகட்டாம்."

நேரே போனார். இரண்டாம் சந்தியில் தடிக்கு இன்னொரு செய்தி வந்தது. மூன்றாவது சந்திக்குப் போகும்போது காற்று சடாரென்று திரும்பியது, பொட்டு ஒரு கரணம் போட்டு வடக்கே வெட்டியது, வான் எண்பதில் போய்க்கொண்டிருந்தது, தடிக்குச் சொல்ல நேரம் இருக்கவில்லை.

"இஞ்சாருங்கோ!" என்று கத்தினார் கோசலாதேவி. "பீச்சங்கைப் பக்கம்! பீச்சங்கைப் பக்கம் திருப்புங்கோ!"

பதினொரு மாதத்துக்குப் பிறகு அந்த 'இஞ்சாருங்கோ'. கடாட்சத்தின் காதுக்குள் அது சுடுதண்ணீர் போல இறங்கியது. ஆனந்தத்தில் அவர் சோற்றுக்கைப் பக்கம் திருப்பினார்.

"அது சோத்துக்கை! இருபத்தாறு வருசமா என்னத்தை ஓட்டினீங்கள்?"

"இந்தா, இந்தா, திருப்பிறன்!"

"கெதியா! கீழை பாக்காதேங்கோ, என்னைப் பாக்காதேங்கோ, ரோட்டைப் பாருங்கோ!"

இப்படி அவர்கள் பொட்டுவைத் துரத்திக்கொண்டு போனார்கள், கோதுமை வயல் கடந்து, பயறு வயல் கடந்து, தண்டவாளம் கடந்து, ஆளில்லாத பள்ளிக்கூடம் கடந்து. பெற்றோல் நிரப்புகிற ஒரு கிழவர் தொப்பியைத் தூக்கி, "சின்னது ஒன்று இப்போதான் போனது, கொஞ்சம் பதிவாக, கூரை உயரத்தில் பறந்தது," என்று தகவல் சொன்னார். ஒரு சிற்றூரில் செய்தி முந்திப் போயிருந்தது. தீயணைப்பு வண்டியின் ஏணியை உயர்த்தி அதன் நுனியில் ஒரு சொசேஜைக் கட்டி வைத்திருந்தார்கள். பொட்டு கிட்ட வந்து, மோந்து பார்த்து, சொசேஜை மட்டும் எடுத்துக்கொண்டு மேற்கொண்டு போனது. ஊரே கைதட்டியது.

நான்கு மணிக்குக் காற்று செத்தது. மஞ்சள் பூத்துக் கிடந்த ஒரு கடுகு வயலுக்கு மேலே பொட்டு கொஞ்ச நேரம் தயங்கி நின்றது, பிறகு மேலிருந்து யாரோ பக்குவமாக இறக்கி வைக்கிறாற்போல மெல்ல மெல்லப் பதிந்து, பூவுக்குள் மறைந்தது. வானை வேலியோரம் போட்டுவிட்டு இரண்டு பேரும் இடுப்பளவு மஞ்சளுக்குள் இறங்கினார்கள். கோசலாதேவி பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு இடத்தில் பூ ஆடியது. பொட்டு அங்கே கால் நீட்டிப் படுத்து, நாக்கு வெளியே தொங்க, வாயோரம் சொசேஜ் எண்ணெயோடு அவர்களைப் பார்த்தது. கோசலாதேவி மண்ணில் குந்தி அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்தார். தோள் குலுங்கியது. கடாட்சம் பக்கத்தில் நின்று, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒரு பூவைப் பிய்த்தார்.

"பொட்டு," என்று தொடங்கினார், "அம்மாட்டைச் சொல்லு..."

"அது களைச்சுப் போச்சு," என்றார் கோசலாதேவி. "அதை விடுங்கோ. எனக்கே சொல்லுங்கோ."

கடாட்சம் நாக்கை ஒரு தடவை உதட்டில் ஓட்டி ஈரமாக்கினார். பேருந்தில் தினமும் நானூறு பேருக்கு வணக்கம் சொன்ன நாக்கு.

"நான் கயிறு விட்டது பிழை," என்றார். "நீ சொன்னது கேட்டது. கேக்காத மாதிரி நிண்டனான்."

"அது இண்டையான் பிழை. மற்றது?"

"அண்டைக்கு நேரம் பிந்திப் போச்சு, கோசலா. பின்னாலை இன்னும் எட்டு நிகழ்ச்சி..."

"நேரம் என்னெண்டு நான் கேக்கேல்லை."

அவர் பிய்த்த பூவைக் கீழே போட்டார். வயலில் தேனீக்கள் இரைந்துகொண்டிருந்தன.

"மைக்கை நிப்பாட்டினது பிழை," என்றார். "நிப்பாட்டிப்போட்டும் எனக்குக் கேட்டது. மேடையோரம் மேசையடியிலை நிண்டனான், சரணம் முழுக்கக் கேட்டது. நல்லாத்தான் பாடினனி. அதை உனக்கு வந்து சொல்லியிருக்கவேணும். சொல்ல வெக்கமாக் கிடந்துது, நிப்பாட்டினதே நானெல்லோ."

"உங்களுக்குக் கேட்டு என்ன பிரயோசனம்? சபைக்குக் கேக்கேல்லையே! சனம் என்னை வாய் பேசாத ஆளைப் பாக்கிற மாதிரிப் பாத்துது. நான் வீட்டை வந்து மூண்டு நாள் அழுதனான், நீங்கள் மணிக்கூட்டுக்குப் பற்றரி மாத்திக்கொண்டு இருந்தனீங்கள்!"

"மாத்தினனான்தான்," என்று கடாட்சம் ஒத்துக்கொண்டார்.

அந்த ஒத்துக்கொள்ளல் ஒரு மதகைத் திறந்ததுபோல் ஆகிவிட்டது. கோசலாதேவி எழும்பி நின்றார். நாயைக் கடாட்சத்தின் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு கையும் வீச வசதியாகி, பேசினார். மணிக்கூட்டைப் பற்றிப் பேசினார், விசிலைப் பற்றிப் பேசினார், கழிப்பறைக் கதவு அட்டவணையைப் பற்றிப் பேசினார். ஹலிபாக்ஸுக்குப் போவது போவதுதான், ஆனால் மூன்று கிழமைக்குத்தான், அதற்குள் வீட்டுக் குசினிக்குப் பெயின்ற் அடித்து முடித்திருக்கவேண்டும் என்றார். மூன்று கிழமை என்ற சொல்லைக் கேட்டதும் கடாட்சம் நாயைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு சிரிக்கப் பார்த்தார். ஆனால் கோசலாதேவி நிறுத்தவில்லை. பின்னோக்கிப் போகத் தொடங்கினார், ஒவ்வொரு வருடமாக. கடாட்சமும் இடையிடையே "அது அப்பிடியில்லை" என்றும் "அது சரிதான்" என்றும், ஒரு இடத்தில் "உன்ரை தமையன் செய்ததுக்கு நான் என்ன செய்யிறது" என்று குரலை உயர்த்தியும் கூடவே போனார்.

வயல்காரர் நான்கு சில்லு வண்டியில் வந்தார். தன்னுடைய பயிருக்கு நடுவே ஒரு அம்மணி கை வீசிப் பேசுவதையும், ஒரு பெரியவர் நாயோடு தலைகுனிந்து நிற்பதையும் கண்டு, இயந்திரத்தை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவரும் கல்யாணம் கட்டியவர்தான். கால் மணித்தியாலம் போனது. கோசலாதேவி மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியில் அவர் பணிவாக ஆங்கிலத்தில் கேட்டார்:

"முடிந்ததா?"

கோசலாதேவி திரும்பி அவரைப் பார்த்தார்.

"இல்லை," என்றார். "நீங்கள் போய்விட்டுப் பின்னேரம் வாருங்கள்."

வயல்காரர் தலையாட்டினார். போகும்போது வந்த தடத்தாலேயே வெளியே போகும்படி மட்டும் கேட்டுக்கொண்டு, வண்டியைத் திருப்பிப் போய்விட்டார். சத்தம் ஓயும்வரை கோசலாதேவி காத்திருந்தார். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடாட்சத்தைக் கேட்டார்:

"எதிலை விட்டனாங்கள்?"

"தொண்ணூற்றெட்டிலை," என்றார் கடாட்சம். "மார்கழி மாசம்."

"ஓம், மார்கழி," என்றார் கோசலாதேவி.

கடாட்சம் பூச்செடிகளை இரண்டு கையாலும் விலக்கி, மண்ணில் வசதியாகச் சம்மணம் கட்டி உட்கார்ந்து, நாயை மடியில் வைத்துக்கொண்டு, "சொல்லு," என்றார்.